அத்தியாயம் 7: கணுவும் அம்பும் – சாட்சியத்தை வரைந்து எடைபோடுவது

1964 ஜூன் 18. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சான் பெட்ரோ பகுதியில் ஒரு சந்து. கடைக்குப் போய்விட்டு ஊன்றுகோலோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார் ஒரு மூதாட்டி. பின்னால் இழுத்து வந்த பிரம்புக் கூடையில் மளிகைச் சாமான், அதற்கு மேல் கைப்பை. கீழே கிடந்த காலி அட்டைப்பெட்டியை எடுக்கக் குனிந்தவரை யாரோ தள்ளிவிட்டார்கள். தலை நிமிர்ந்தபோது ஓர் இளம்பெண் ஓடுவது தெரிந்தது. பையைக் காணோம். சந்தின் மறுமுனையில் இருந்த இன்னொருவர், பொன்னிறக் கூந்தலைக் குதிரைவாலாகக் கட்டிய பெண் மஞ்சள் காரில் ஏறியதையும், தாடி மீசை வைத்த கறுப்பினத்தவர் ஒருவர் அதை ஓட்டிப் போனதையும் பார்த்தார். இந்த அங்க அடையாளத்துக்குப் பொருந்திய ஒரு தம்பதியைப் போலீஸ் பிடித்தது.

நேரில் பார்த்தவர்களின் சாட்சியம் தடுமாறியதால், அரசு வழக்கறிஞர் ஒரு கல்லூரிக் கணித ஆசிரியரைக் கூண்டில் ஏற்றினார். எண்களை வழக்கறிஞரே கொடுத்தார்: மஞ்சள் கார் 10-ல் 1, மீசைக்காரர் 4-ல் 1, குதிரைவால் பெண் 10-ல் 1, பொன்னிறக் கூந்தல் 3-ல் 1, தாடி வைத்த கறுப்பினத்தவர் 10-ல் 1, இரு இனத்தவரும் ஒரே காரில் ஜோடியாகப் போவது 1,000-ல் 1. எல்லாவற்றையும் பெருக்கினால் 1 கோடியே 20 லட்சத்தில் 1. ஜூரி குற்றவாளி என்றது. 1968-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

எண்களுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அந்தக் குறை யார் கண்ணிலும் படும். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது அடுத்த குறை. ஒரு காகிதத்தில் ஆறு வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளத்தை எழுதுங்கள். எதைத் தெரிந்துகொண்டால் எதைப் பற்றிய ஊகம் மாறுமோ, அவற்றுக்கிடையே ஓர் அம்பு போடுங்கள். தாடியிலிருந்து மீசைக்கு உடனே அம்பு விழும். தாடிக்காரர்களில் 10-க்கு 9 பேர் மீசையும் வைத்திருப்பார்கள் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், தாடியும் மீசையும் சேர்ந்து வர வாய்ப்பு 40-ல் 1 அல்ல, ஏறக்குறைய 11-ல் 1. இந்த ஒரு அம்பிலேயே 1 கோடியே 20 லட்சம் சுமார் 33 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. இரு இன ஜோடி என்ற வட்டத்திலிருந்து கறுப்பினத்தவர், பொன்னிறக் கூந்தல் என்ற வட்டங்களுக்குப் போகும் அம்புகள் இன்னும் மிச்சம்.

அந்த 1 கோடியே 20 லட்சத்தை அப்படியே ஒப்புக்கொண்டாலும் கதை முடியவில்லை. தீர்ப்பின் பின்னிணைப்பில் நீதிமன்றமே ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. சந்தேகத்துக்கு இடமான ஜோடிகளின் எண்ணிக்கையும் அதே அளவென்றால், அப்படியொரு ஜோடி இருப்பது உறுதியான பிறகு அதேபோல் இன்னொன்றும் இருக்க வாய்ப்பு 40 சதவீதத்துக்கு மேல். அதாவது பிடிபட்டவர்களை விட்டால் வேறு ஆளே இல்லை என்று சொல்ல வழியில்லை.

பட்டியலிலிருந்து படத்துக்கு

சாட்சியத்தைப் படமாக வரையும் பழக்கத்தை முறைப்படுத்தியவர் சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் தலைவராக இருந்த ஜான் ஹென்றி விக்மோர். ஆண்டு 1913. அவர் முறையில் இரண்டு காகிதங்கள் உண்டு. ஒன்றில் கூற்றுகள் எண் போட்டு வரிசையாக இருக்கும். இன்னொன்றில் அந்த எண்கள் மட்டும் கட்டங்களிலும் வட்டங்களிலும் உட்கார்ந்து, எது எதைத் தாங்குகிறது என்று கோடுகளால் இணைந்திருக்கும். ஆள் வந்து சொன்னது கட்டம், சூழ்நிலையிலிருந்து கிடைப்பது வட்டம்.

விக்மோரின் புகழ்பெற்ற உதாரணம் மாசசூசெட்ஸின் உமிலியன் கொலை வழக்கு. ஒரே பண்ணையில் வேலை செய்த இருவரில் ஒருவன், இன்னொருவனுக்கு ஊரில் ஏற்கெனவே மனைவி இருக்கிறாள் என்று பாதிரியாருக்குக் கடிதம் எழுதிக் கல்யாணத்தை நிறுத்தினான். பிறகு அது பொய்யென்று தெரிந்து கல்யாணம் நடந்துவிட்டது. எழுதியவன் கொலையுண்டான். ‘பகை இருந்தது’ என்று அரசுத் தரப்பு ஒரே வாக்கியத்தில் முடிக்கும் இடத்தை விக்மோர் பிரித்துப்போட்டார். கடிதம் எழுதியது அவன்தானா? அதை எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட மற்றவன், அறிவானா? அறிந்து கோபப்பட்டானா? கல்யாணம்தான் நடந்துவிட்டதே, கோபம் தணிந்திருக்காதா? தினமும் முகத்தில் முகம் விழிக்கும் இடத்தில் தணியுமா? ஒவ்வொன்றும் தனி எண், தனிக் கோடு.

நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலையும் இதுதான். கேஸ் கட்டைப் பிரித்து, ஒரு வரிக்கு ஒரே கூற்று என்று எழுதுங்கள். ‘அ.சா.3 (அரசுத் தரப்பின் மூன்றாம் சாட்சி) இரவில் எதிரியைக் கத்தியோடு பார்த்தார்’ என்று எழுதினால் அது ஒரு வரியாகாது. எதிரி அங்கே இருந்தார் என்பது ஒன்று. முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது இன்னொன்று. அ.சா.3-க்கு எதிரியை முன்பே தெரியும், கையில் இருந்தது கத்திதான் என்று அது விரிந்துகொண்டே போகும். பெரும்பாலான ஜூனியர்கள் இந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொண்டாலே அவர்களுடைய குறுக்கு விசாரணை பாதி தேறிவிடும். கணக்குக்குப் போக அவசரப்பட வேண்டாம்.

அம்பைத் திருப்புங்கள்

விக்மோர் படத்தில் கோடு சாட்சியத்திலிருந்து முடிவை நோக்கி ஏறும். 1980-களில் ஜூடியா பேர்ல் உருவாக்கிய, கூற்றுகளைக் கணுக்களாக (வட்டங்களாக) வரையும் பேயீஸ் வலையில், வழக்குக்கு நாம் வரையும்போது அம்பு நேர் எதிராகப் போகும்: நடந்ததிலிருந்து அதன் தடயத்துக்கு. புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ‘கைரேகை இருக்கிறது, எனவே அவர்தான்’ என்று நினைத்துப் பழகிய மனசு, கைரேகையிலிருந்து குற்றத்துக்கு அம்பு போடத் துடிக்கும். போடாதீர்கள்.

காரணம், கணக்குக்கு வேண்டிய எண் ஒரு திசையில்தான் கிடைக்கும். ‘இந்தக் கைரேகையைப் பார்த்த பிறகு அவர் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?’ என்று நேரடியாகக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. நிபுணரும் சொல்லக்கூடாது, அது நீதிபதியின் வேலை. ‘அவர் செய்திருந்தால் இந்தக் கைரேகை இங்கே கிடைக்க வாய்ப்பு எவ்வளவு? செய்யாமலே இருந்தால் எவ்வளவு?’ என்று இரண்டாக உடைத்துக் கேட்டால் பதில் பிறக்கும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வருவதே அந்தச் சாட்சியத்தின் எடை. 1 வந்தால் அது எதையும் நிரூபிக்கவில்லை. மளிகைக்கடைத் திருட்டில் கடையின் வாடிக்கையாளருடைய கைரேகை பெரும்பாலும் 1-ஐ ஒட்டித்தான் நிற்கும். செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அங்கே இருக்கும்.

இந்த எடைகளை முன்பே இருந்த சாதக பாதக விகிதத்தோடு பெருக்கிக்கொண்டு போவதுதான் 1763-ல், அவர் இறந்தபின் அச்சான தாமஸ் பேயீஸின் தேற்றம். வலை கூடுதலாகச் செய்வது ஒன்றே: எதை எதோடு அப்படியே பெருக்கலாம், எதைப் பெருக்கக்கூடாது என்று அம்புகளால் காட்டிவிடும்.

சொன்னது வேறு, நடந்தது வேறு

வலை வரையும் மென்பொருளைத் திறந்ததும் செய்யும் பெரிய பிழை, ‘எதிரி சம்பவ இடத்தில் இருந்தார்’ என்ற கணுவை உண்மை என்று பூட்டிவிடுவது. நம் கையில் இருப்பது அதுவல்ல. ‘அவர் இருந்ததாக அ.சா.3 சொல்கிறார்’ என்பது மட்டும்தான். இரண்டும் தனித்தனிக் கணு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு அம்பு. பூட்டவேண்டியது இரண்டாவதை.

இந்த வித்தியாசத்தை விடாப்பிடியாக வலியுறுத்தியவர் டேவிட் ஷூம். ஜோசப் கடேனோடு சேர்ந்து அவர் 1996-ல் வெளியிட்ட நூல் சாக்கோ – வான்செட்டி வழக்கின் சாட்சியத்தை இப்படித்தான் கணு கணுவாகப் பிரித்தது. ஒரு சாட்சி சொல்வதற்கும் உண்மைக்கும் நடுவே மூன்று படிகள் உண்டு என்பது ஷூமின் பாடம்: அவர் தாம் நம்புவதையே சொல்கிறாரா, கண்டதையே நம்பினாரா, அவருடைய கண்ணும் சூழலும் சரியாகக் காணவிட்டதா.

அந்த வழக்கின் சம்பவம் இது: 1920 ஏப்ரல் 15 பிற்பகல், மாசசூசெட்ஸின் சவுத் பிரைன்ட்ரீயில் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் சம்பளப் பணத்தைக் கொண்டுபோன இருவரைச் சுட்டுவிட்டுக் கொள்ளைக்காரர்கள் காரில் தப்பினார்கள். தொழிற்சாலைக் கணக்கர் ஒருவர் மாடி ஜன்னலிலிருந்து 60 முதல் 80 அடி தூரத்தில் காரைப் பார்த்தார். கார் ஓடிக்கொண்டிருந்தது, அவர் பார்வையில் இருந்தது 3 விநாடிக்கு மேல் இராது. கீழ்நீதிமன்ற விசாரணையில் காரில் இருந்தது சாக்கோதான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றவர், ஓராண்டு கழித்து நடந்த வழக்கு விசாரணையில் அந்த ஆளின் எடை, சட்டை நிறம், இடது கையின் பருமன் வரைக்கும் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்று காட்ட வேண்டியதே இல்லை. முதல் படி உறுதியாக இருக்கலாம். ஆட்டம் காண்பது மூன்றாவது. எந்தப் படியைக் குலைப்பது என்று தெரியாமல் ‘நீங்கள் சொல்வது பொய்’ என்று ஆரம்பிக்கும் குறுக்கு விசாரணை எத்தனை பார்க்கிறோம்!

மூன்று சாட்சி, ஒரே பிழை

அந்த வழக்கில் இன்னொன்றும் நடந்தது. அடையாள அணிவகுப்பு வைக்காமல், பிடிபட்டவர்களைத் தனியாகவே சாட்சிகளுக்குக் காட்டினார்கள். இதன் விளைவைக் கணக்கில் பார்ப்போம். கீழே வரும் எண்கள் பயிற்சிக்காக நான் வைப்பவை. வழக்கிலிருந்து எடுத்தவை அல்ல.

எதிரி உண்மையிலேயே அங்கே இருந்திருந்தால் ஒரு சாட்சி அவரை அடையாளம் காட்ட வாய்ப்பு 0.6 என்க. இல்லாதபோது தவறாகக் காட்டும் வாய்ப்பு, முறையான அணிவகுப்பு நடந்திருந்தால் 0.05, ஆளைத் தனியாகக் காட்டிக் கோடி காட்டியிருந்தால் 0.4. நம் பயிற்சி வழக்கில் எப்படிக் காட்டினார்கள் என்பது நமக்குத் தெரியாது, பாதிக்குப் பாதி என்று வைப்போம். சராசரியாகத் தவறும் வாய்ப்பு 0.225. ஒரு சாட்சியின் எடை 0.6-ஐ 0.225-ஆல் வகுக்க 2.67.

மூன்று சாட்சிகள் அடையாளம் காட்டினால்? 2.67-ஐ மூன்று முறை பெருக்கி 19 என்று எழுதத் தோன்றும். ஆனால் மூவருக்கும் ஒரே ஸ்டேஷனில் ஒரே விதமாகத்தான் ஆளைக் காட்டினார்கள். ‘எப்படிக் காட்டினார்கள்’ என்ற கணுவிலிருந்து மூன்று சாட்சியங்களுக்கும் அம்பு போட வேண்டும். போட்டால் மூவரும் சேர்ந்து தவறும் வாய்ப்பு 0.5 × 0.064 + 0.5 × 0.000125, அதாவது சுமார் 0.032. மூவரும் சரியாகக் காட்டும் வாய்ப்பு 0.216. எடை 6.7. தொடக்கத்தில் சாதக பாதக விகிதம் 1-க்கு 10 என்றிருந்தால், அம்பில்லாத கணக்கு எதிரியை 65 சதவீதத்துக்கு ஏற்றிவிடும். அம்பு போட்ட கணக்கு 40-லேயே நிறுத்தும். சாட்சிகளும் அவர்கள் சொன்னதும் ஒன்றே.

இப்போது அந்தப் பாதிக்குப் பாதியை அசைத்துப் பாருங்கள். தனியாகக் காட்டியிருக்க வாய்ப்பு 0.9 என்றால் மூன்று சாட்சிகளின் எடை 4-க்கும் கீழே. 0.1 என்றால் 33. முறையாகத்தான் நடந்தது என்று உறுதியாகிவிட்டால் 1,728! மற்ற எண்களை இப்படி ஆட்டினால் விடை இவ்வளவு குதிப்பதில்லை, 0.6-ஐ 0.7 ஆக்கினால் 6.7 என்பது 10.7 ஆகிறது, அவ்வளவுதான். ஆக, இந்த வழக்கில் உங்கள் உழைப்பு போகவேண்டிய இடம் மூன்று சாட்சிகளின் கண்பார்வை அல்ல, புலனாய்வு அதிகாரி ஆளைக் காட்டிய விதம். வலையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். இறுதியில் திரையில் மின்னும் சதவீதத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஜீனி, ஹூகின், நெட்டிகா, அஜெனாரிஸ்க் எதில் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். கல்விப் பயன்பாட்டுக்கு ஜீனி இலவசம். மேலே உள்ள வலைக்கு ஐந்து கணுதான்; முதல் முறை கையாலேயே போட்டுப் பாருங்கள். பெரிய வழக்குக்கு, லண்டனைச் சேர்ந்த நார்மன் ஃபென்டன், மார்ட்டின் நீல், டேவிட் லாக்னாடோ மூவரும் 2013-ல் முன்வைத்த முறை உதவும். நம்பகத்தன்மை, நோக்கமும் வாய்ப்பும், ‘நான் அங்கே இல்லை’ என்ற எதிர்வாதம் என்று திரும்பத் திரும்ப வரும் வடிவங்களை அச்சு வார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றைக் கோத்துக்கொண்டால் போதும்.

போட்டிக் கதையை விட்டுவிடாதீர்கள்

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு கைக்குழந்தைகள் 1996-லும் 1998-லும் இறந்தன. கொலை என்று குற்றச்சாட்டு. அவர்களைப் போன்ற குடும்பத்தில் காரணம் தெரியாத திடீர்க் குழந்தை மரணம் 8,543-ல் 1 என்றும், இரண்டு நேர 7 கோடியே 30 லட்சத்தில் 1 என்றும் குழந்தை மருத்துவர் ராய் மெடோ சாட்சியம் சொன்னார். 1999-ல் ஆயுள் தண்டனை.

முதல் தவறு சான் பெட்ரோவில் பார்த்ததே: மரபணுவோ வீட்டுச் சூழலோ இரண்டு மரணங்களுக்கும் பொதுக் காரணமாக இருக்கலாம், அந்த அம்பைப் போடாமல் வர்க்கப்படுத்திவிட்டார்கள். இரண்டாவது இன்னும் ஆழமானது. திடீர் மரணம் அரிது என்பதாலேயே கொலை என்றாகிவிடாது. தாய் தன் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் அதைவிட அரிதாக இருக்கலாமே. மேலே ‘மரணக் காரணம்’ என்று ஒரு கணு வரைந்து, அதற்குள் இரண்டு நிலைகளை எழுதியிருந்தால் இரண்டாவதற்கும் ஓர் எண் கேட்டே ஆக வேண்டும். 2001-ல் பிரிட்டனின் ராயல் புள்ளியியல் சங்கம் இந்தப் பிழைகளைச் சுட்டிப் பகிரங்க அறிக்கை விட்டது. கணிதப் பேராசிரியர் ரே ஹில் கிடைத்த தரவுகளை வைத்து ஒப்பிட்டதில், இரட்டைக் கொலையைவிட இரட்டைத் திடீர் மரணத்துக்கே வாய்ப்பு அதிகம் என்று வந்தது.

மரபணுச் சோதனை அறிக்கை வரும்போதும் இதே கவனம் வேண்டும். ‘சம்பந்தமில்லாத ஒருவருக்கு இது பொருந்த 10 லட்சத்தில் 1 வாய்ப்பு’ என்றால், எதிரி நிரபராதியாக இருக்க 10 லட்சத்தில் 1 வாய்ப்பு என்று பொருளல்ல. 6 கோடிப் பேர் உள்ள நிலப்பரப்பில் பொருந்தக்கூடியவர்கள் சுமார் 60 பேர் இருப்பார்கள்.

நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாமா?

போகவேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஆடம்ஸ் வழக்கில் எதிர்த்தரப்பு பேயீஸ் தேற்றத்தையே ஜூரிக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தது. அது ஜூரியைத் தேவையில்லாத சிக்கலில் தள்ளும் என்று 1996-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டித்தது. 2010-ல் ஒரு ஷூ தடய வழக்கிலும், உறுதியான தரவுத் தளம் இல்லாத இடத்தில் இப்படிக் கணக்குப் போடுவதை அது ஏற்கவில்லை. புள்ளியியலாளர்கள் அந்தத் தீர்ப்பின்மேல் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம்தான். ஆனாலும் நாளைக்குக் கூண்டில் நிற்பது உங்கள் கட்சிக்காரர்.

நம் சட்டத்துக்கு நிகழ்தகவு அந்நியமல்ல. 1872-ன் சாட்சியச் சட்டத்தில், எது ‘மெய்ப்பிக்கப்பட்டது’ என்று சொல்லும் 3-ஆம் பிரிவே, விவேகமுள்ள ஒருவர் நம்பிச் செயல்படும் அளவுக்கு அது நிகழ்ந்திருக்கக்கூடியதா என்றுதான் கேட்டது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 2-ஆம் பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. சூழ்நிலைச் சாட்சிய வழக்குகளுக்கு 1984-ன் சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பு கேட்பது அறுபடாத சங்கிலி. உங்கள் படத்தில் எந்தக் கண்ணி ஒரே சாட்சியை நம்பித் தொங்குகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், வாதத்தில் எண்ணே வராமல் அந்தக் கண்ணியைப் பிடித்து இழுக்கலாம்.

சாலி கிளார்க்கை 2003-ல் விடுவித்தது புள்ளிவிவரமல்ல. இரண்டாவது குழந்தையின் உடலில் நோய்க்கிருமி இருந்ததைக் காட்டிய நுண்ணுயிரியல் முடிவு பிரேதப் பரிசோதனை செய்தவர் கையிலேயே தங்கிவிட்டது, எதிர்த்தரப்புக்குப் போகவே இல்லை. எவ்வளவு நேர்த்தியாக வரைந்திருந்தாலும் அந்தக் கணு யார் படத்திலும் இருந்திருக்காது. ஆகவே வரைந்து முடித்ததும், போலீஸ் செய்திருக்கவேண்டிய, ஆனால் உங்கள் கட்டில் இல்லாத சோதனைகளைப் புள்ளிக்கோட்டு வட்டங்களாகப் போடுங்கள்: செல்போன் கோபுரப் பதிவு, கேமரா காட்சி, ரத்தப் பிரிவு அறிக்கை. அரசுத் தரப்பு கைப்பற்றியும் பயன்படுத்தாமல் விட்ட வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருள்களின் பட்டியலை எதிரிக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் வகுத்த குற்றவியல் நடைமுறை விதிகள் சொல்கின்றன. குற்றப்பத்திரிகை நகல் வாங்கும்போதே அந்தப் பட்டியலையும் எழுத்துமூலம் கேளுங்கள். வந்ததும் ஒவ்வொன்றையும் புள்ளிக்கோட்டு வட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்துவதை நிரந்தரக் கோடாக மாற்றுங்கள். பொருந்தாமல் மிஞ்சும் வட்டம் ஒவ்வொன்றும் புலனாய்வு அதிகாரியிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி.